மாமியின் கையெழுத்து

ஜூலை 11, வெள்ளி

காலையிலிருந்து புழுதிக் காற்று. புத்தகக் கடைக் கண்ணாடியை மூன்று முறை துடைத்தாயிற்று. நாளை மாலைக் கூட்டத்துக்கு: நாற்காலி ஐம்பது (வாடகைக்காரர் நாற்பதுதான் என்கிறார்), மைக், சுண்டல், பேரா.வுக்குச் சர்க்கரை இல்லாத காபி. மாமியின் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதியிருக்கும் சென்னைப் பேராசிரியர். தில்லை நகரில் எங்கள் கடையில்தான் முதல் கூட்டம். முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை.

மாமி என்பது எங்கள் வீட்டுப் பழக்கம். ஊருக்கு அவர் பெரிய எழுத்தாளர். அம்மா ஸ்ரீரங்கத்தில் அவர் வீட்டில் பதினாறு வருஷம் பாத்திரம் தேய்த்தாள். கடைசி நாலு வருஷம் மாமிக்குக் கண் தெரியவில்லை. அவர் சொல்லச் சொல்ல, எட்டாவது படித்த அம்மா எழுதினாள். ஒரு முழு நாவல். ஒன்பது நோட்டு. சமையல்கட்டுக்குள் விடாதவர் நோட்டுக்குள் விட்டார்.

அம்மாவையும் கூட்டத்துக்கு வரச் சொன்னேன்.

"என் பேரு வந்திருக்குமாடி?"

சும்மா கேட்பதுபோலக் கேட்டாள். பிறகு பீரோவைத் திறந்து வெகுநேரம் புடவை தேடினாள்.

புத்தகக் கட்டு ஞாயிற்றுக்கிழமைதான் வருகிறது.

ஜூலை 12, சனி

நாற்காலி போதவில்லை. அம்மா கடைசி வரிசை, நீலப் புடவை. பக்கத்தில் நான் நின்றுகொண்டு.

பேரா. நன்றாகப் பேசினார். அதுதான் எரிச்சல். பதினான்கு வயதில் கல்யாணம், அரிசி டின்னுக்குள் ஒளித்து வைத்த கதைகள். கூட்டம் உச்சுக் கொட்டியது. பிறகு திரையில் ஒரு நோட்டுப் பக்கம். கோணல் எழுத்து, வரி சரிந்து இறங்குகிறது.

"பாருங்க. எண்பத்திரண்டு வயசு. கை நடுங்குது. ஆனா பேனாவைக் கீழ வைக்கலை."

முன்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்தார். கைதட்டல்.

அம்மாவின் எழுத்து. என் ஸ்கூல் லீவ் லெட்டர் எல்லாம் அந்த எழுத்தில்தான்.

கை தூக்கினேன். அம்மா என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள். விடவே இல்லை.

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஏறியதிலிருந்து சண்டை. கண் போனது யாருக்கும் தெரியக் கூடாது, தெரிந்தால் பரிதாபப்பட்டுப் படிப்பார்கள் என்று மாமி சொல்லியிருந்தாராம். அம்மா தலையாட்டியிருக்கிறாள். மாமி செத்து ஆறு வருஷம். இன்னும் ஆட்டிக்கொண்டிருக்கிறாள்.

"உன்னை ஹாலைத் தாண்ட விடாதவங்க. அவங்களுக்காக நீ ஏம்மா வாயை மூடிக்கிட்டு இருக்கணும்?"

"சொல்ல மாட்டேன்னு சொன்னேன்ல. நீயும் சொல்லாத."

காவிரிப் பாலம் முழுக்க ஜன்னல் பக்கமே பார்த்தாள். திருவானைக்காவலில் இறங்கும்போது புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டாள்.

ஜூலை 13, ஞாயிறு

காற்று நிற்கவில்லை. தலைவலி.

கட்டைப் பிரித்ததும் முதலில் நன்றிப் பக்கங்களைப் பார்த்தேன். நூலகர், டாக்டர், கார் டிரைவர்கூட. அம்மா இல்லை. தேடித் தேடி ஓர் இடத்தில்: 'வீட்டு வேலைக்கு ஒரு பெண் வந்துபோனாள்.' அவ்வளவுதான். பதினாறு வருஷம், ஒரு வரி.

பேரா. கையெழுத்துப் போட வந்தார். நான் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாக விரித்துக் கொடுத்தேன். என் பையில் காலையில் அம்மா எழுதித் தந்த மளிகைச் சீட்டு. அதே எழுத்து, அதே சரிவு.

அந்த நோட்டு மாமி கைப்பட எழுதியதுதானா என்று கேட்டேன்.

"இருபது வருஷமா அவங்களைப் படிக்கறேம்மா. எனக்குத் தெரியாதா?"

நல்ல மனுஷன். சிரித்துக்கொண்டே சொன்னார். சீட்டை வெளியே எடுத்தேன். பார்த்தேன். திரும்ப மடித்து வைத்துவிட்டேன். அம்மாவுக்காகவா, வேலை போய்விடும் என்றா? இரண்டும். எழுதிவைக்கிறேன்.

வீட்டுக்கு ஒரு பிரதி வாங்கிப்போனேன். நன்றிப் பக்கத்தை அம்மா கேட்கவில்லை. அந்த நோட்டுப் படம் இருக்கும் பக்கத்தைத்தான் கேட்டாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலால் ஒவ்வொரு வரியாகப் போனாள். அடுப்பில் பருப்பு பொங்கியது. நான்தான் போய் அணைத்தேன்.

"அன்னிக்கு எனக்குக் காய்ச்சல்டி. அதான் இப்படிக் கோணிக்கிட்டுப் போயிருக்கு."

புத்தகத்தை மூடினாள்.

"நல்லா எழுதின பக்கம் எவ்வளவோ இருந்துச்சு. அதுல ஒண்ணைப் போட்டிருக்கலாம்."