தேருக்காகக் கழற்றிய போர்டு

இராஜபாளையம்,
22.8.1993.

அன்புள்ள அத்தானுக்கு,

பரிபூரணம் எழுதுவது. இங்கே அத்தையும் பிள்ளைகள் இருவரும் சுகம். உங்கள் சுகத்தைக் கேட்டு எழுதுவதுதான் வழக்கம். இன்றைக்கு அதைக் கேட்கிற மனநிலையில் நான் இல்லை. மில்லில் வேலை முடிந்து, சாப்பிட்டுவிட்டு, ஆற அமர உட்கார்ந்து படியுங்கள். பாதியில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

அத்தைக்கு முட்டுவலி தேவலை. சின்னவனுக்கு முன்பல் விழுந்துவிட்டது, சிரிக்க மாட்டேன் என்கிறான். பெரியவள் கணக்கில் முதலாவது வந்திருக்கிறாள், அப்பாவுக்கு எழுதம்மா என்றாள், எழுதிவிட்டேன். வீட்டுச் சேதி இவ்வளவுதான். இனி என் சேதி.

ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதியில் வைகுண்டராஜ் அண்ணாச்சி வீட்டில் எனக்கு ஆபீஸ் அறை பிடித்துக் கொடுத்தது நீங்கள்தான். அதை நான் மறக்கவில்லை. போன லீவில் வந்திருந்தபோது, நம் வீட்டுக்குப் போன் கேட்டு எழுதிப்போட்டு வருஷக்கணக்காகிறது, வருகிற வழியைக் காணோம், போன் இல்லாமல் எந்த ஆஸ்பத்திரிக்காரன் உன்னிடம் பேண்டேஜ் துணி வாங்குவான் என்று சொல்லி பஸ் ஏற்றிக் கூட்டிப்போனீர்கள். கோயிலுக்குப் பக்கத்தில் அவர் பாட்டனார் கட்டிய மூன்று கட்டு வீடு. பிளைவுட் வைத்துத் தடுத்து அறை அறையாக விட்டிருந்தார். மேசை, நாற்காலி, ஃபேன், டைப் அடிக்கவும் போன் எடுக்கவும் ரோசம்மாள், முற்பகல் காபி, எல்லாம் வாடகையிலேயே சேர்த்தி. போன் ஒன்றுதான், எல்லா அறைக்கும் பொது. யார் எந்தக் கம்பெனியைக் கேட்டாலும், அந்தக் கம்பெனிக்கென்றே உட்கார்ந்திருப்பவள் மாதிரி ரோசம்மாள் பேசுவாள். எனக்கு அன்றைக்கு அது பெரிய அதிசயமாக இருந்தது.

வாசலில் வீதிக்கு நீட்டினாற்போல ஒரு போர்டும் மாட்டினோம். ‘பரிபூரணம் சர்ஜிகல்ஸ்.’ ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றது நீங்கள்தான். அதை நினைத்தால்தான் எனக்கு ஆற மாட்டேன் என்கிறது.

ஆடிப்பூரத்துக்குத் தேர் வருகிறதென்றால் ரத வீதிகளில் கரண்ட் கம்பியைக் கழற்றுவார்கள். நீட்டிக்கொண்டிருக்கிற தகரம், போர்டு எல்லாவற்றையும் இறக்கிவிட வேண்டும். எல்லாரும் இறக்கினார்கள், நானும் இறக்கச் சொன்னேன். ஆண்டாள் வருவதற்கு வழி விடுவதில் எனக்கென்ன குறை வந்தது. தேர் நிலைக்குப் போன பிறகு அவரவர் போர்டு அவரவர் வாசலில் ஏறிவிட்டது. எனக்கு அந்தச் சமயம் தறிக்காரர்களைப் பார்க்கவும் துணி வெளுக்கிற இடத்துக்குமாக ஒரே அலைச்சல். அது ஓய்ந்து ஆபீசுக்குப் போய் அண்ணாந்து பார்த்தால், என் போர்டு இருந்த கொக்கியில் வேறு போர்டு தொங்குகிறது. ‘சோலைராஜ் சர்ஜிகல்ஸ். நிர்வாகம்: காசிராஜன்.’ உங்கள் பேரும் உங்கள் தம்பி பேரும்.

பெயிண்டர் தப்பாக எழுதிவிட்டான் என்றுதான் நினைத்தேன், அவ்வளவு பைத்தியக்காரி நான். உள்ளே போனால் உங்கள் தம்பி என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். எழுந்திருக்கக்கூட இல்லை. “மதினி, கோவிச்சுக்கிடாதிய. அண்ணன் சொல்லும்போது நான் என்ன செய்ய” என்றான். வீடியோ கேசட் கடையை மூடிய பிறகு அவன் வேலை இல்லாமல் சுற்றுவது எனக்கும் தெரியும். ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருந்தால், துணி வெளுக்கிற இடத்தில் நிற்கவைத்து நானே தொழில் சொல்லிக் கொடுத்திருப்பேன்.

வைகுண்டராஜ் அண்ணாச்சியிடம் போய்க் கேட்டேன். “எம்மேல கோவப்பட்டு என்னத்துக்கும்மா. உங்க வீட்டுக்காரவியதான் வெளிநாட்டுலருந்து போன்ல சொன்னாவ. பொம்பள பேரு இருந்தா பெரிய ஆர்டர் வராது, தம்பி பேரப் போட்டுருங்கன்னாவ” என்றார். அறை உங்கள் பேரில் பேசியதாம், அதனால் நீங்கள் சொல்வதுதான் செல்லுமாம். மாதாமாதம் அந்த வாடகையைக் கொடுத்தது யார் என்று கேட்டேன். காபி சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றார்.

எனக்கு அதுவரை ஆத்திரம் மட்டும்தான் இருந்தது. ரோசம்மாள்தான் பாவம், அழுதுகொண்டே மற்றதைச் சொன்னாள். “அக்கா, உங்க வீட்டுக்காரவுக போன்ல பேசும்போது நீங்க உள்ளதான் இருந்திய. அக்காவக் கூப்பிடட்டான்னு கேட்டேன். வேண்டாம்னுட்டாக” என்றாள்.

அத்தான், பாண்டுங் மில்லிலிருந்து ஊருக்குப் போனில் பேசுவதற்கு ரொம்பச் செலவாகும், லெட்டர் போதும் என்று எழுதினீர்கள். நானும் ஆசையை அடக்கிக்கொண்டு ஒத்துக்கொண்டேன். தைக்குப் பிறகு உங்கள் குரலை நான் கேட்கவில்லை. அன்றைக்கு உங்கள் குரல் அந்தக் கட்டிடத்துக்குள் வந்திருக்கிறது. நான் பிளைவுட்டுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து ஆஸ்பத்திரிக்குத் துணிக்கு விலை எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன். காதும் காதும் வைத்தாற்போல வேலையை முடித்துக்கொண்டு போனை வைத்துவிட்டீர்கள். போர்டை எடுத்ததைக்கூட ஒரு நாள் மன்னித்துவிடுவேன் என்று நினைக்கிறேன். இதை எப்படி மன்னிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

என் போர்டு எங்கே என்று தேடினேன். பின்கட்டில் குப்புறக் கிடந்தது. திருவிழாவுக்கு நீர்மோர்ப் பந்தல் போட்டவர்கள் அதைப் பலகையாகப் போட்டு மேலே பானையை வைத்திருக்கிறார்கள், மோர்க் கறை அப்படியே காய்ந்திருந்தது. கழுவித் துடைத்துத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். கண்டக்டர் ஏற்ற மாட்டேன் என்று நின்றார். பிறகு எழுத்தைப் படித்துவிட்டு, யாரும்மா இந்தப் பரிபூரணம் என்று கேட்டார். நான்தான் என்றேன். வாங்கி, பின் சீட்டுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்துக்கொடுத்தார். அந்த மனுஷருக்குத் தெரிந்தது உங்களுக்குத் தெரியவில்லை.

அதோடு முடிந்ததா என்றால் இல்லை. என் லெட்டர்பேடில், பில்லில், துணிக்கட்டின் மேல் ஒட்டுகிற சீட்டில், எல்லாவற்றிலும் இருப்பது அந்தப் போன் நம்பர்தான். நான் வெளியே வந்துவிட்டேன், நம்பர் உள்ளேயே இருக்கிறது. என்னைக் கேட்டு வருகிற போனெல்லாம் காசிக்குப் போகிறது. தென்காசி ஆஸ்பத்திரிக்கு அவன் வெளுக்காத துணியைக் கட்டி அனுப்பியிருக்கிறான். கஞ்சி வாடை போகாத துணியைப் புண்ணில் எப்படி வைப்பது. நான் நேரில் போனபோது அங்கே நர்சுகளுக்கெல்லாம் பெரியவரான ஏசம்மாள் அம்மா அதை என் முன்னால் போட்டு, உன் கையாலா அனுப்பினாய் என்று கேட்டார். இல்லை என்றேன். வேறு துணி கொண்டுபோய்க் கொடுத்த பிறகுதான் சமாதானமானார். இந்த வாரம் முழுக்க பஸ்ஸில்தான் இருக்கிறேன். ஒவ்வொரு ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கி, அந்த நம்பரை அடித்துவிடுங்கள், இதுதான் என் நம்பர் என்று சொல்லி வருகிறேன். சில இடத்தில் உட்காரச் சொல்கிறார்கள். சில இடத்தில், முதலாளி வரவில்லையா என்று கேட்கிறார்கள்.

புது நம்பர் நம் எதிர்வீட்டு மருந்துக்கடை எலியேசர் அண்ணாச்சியுடையது. பி.பி. நம்பர்தான், எனக்குப் போன் வந்தால் அவர்தான் ஆள் விட்டுக் கூப்பிட வேண்டும், ஆனாலும் மனுஷர் முகம் சுளிப்பதில்லை. ஆபீஸ் நம் முன்னறைதான். காபிக்கு ஆள் இல்லை, நானே போட்டுக்கொள்கிறேன். போர்டை வாசலில் தெருவுக்கு நீட்டி மாட்டியிருக்கிறேன். நம் தெருவில் தேர் வராது, அதனால் அதைக் கழற்றுகிற வேலை யாருக்கும் இல்லை. நீங்கள் உயரம், லீவில் வரும்போது கொஞ்சம் குனிந்து வாருங்கள்.

தம்பியை நான் விரோதியாக நினைக்கவில்லை. அவன் வந்து தொழில் படிக்கட்டும், கதவு திறந்துதான் இருக்கிறது. நிர்வாகம் மட்டும் என்னிடம் இருக்கும்.

உங்களிடம் நான் பதில் கடிதம் கேட்கவில்லை. எழுத்தில் நீங்கள் நன்றாகச் சமாளிப்பீர்கள். செலவானால் ஆகட்டும், ஒரே ஒரு தடவை எலியேசர் அண்ணாச்சி நம்பருக்குப் போன் பண்ணுங்கள், நம்பரைத் தனிச் சீட்டில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். சோலைராஜ் வீட்டம்மா என்றோ, காசியுடைய மதினி என்றோ கேட்டால் அவர் கூப்பிட மாட்டார், சொல்லி வைத்திருக்கிறேன். என் பேரைச் சொல்லிக் கேளுங்கள். எந்த வேலையில் இருந்தாலும் போட்டுவிட்டு ஓடி வந்து எடுப்பேன்.

அந்தக் குளிர் ஊரில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஈரத்தோடு வேலைக்குப் போகாதீர்கள்.

பரிபூரணம்