கோபால்ட் அறைக்கு வெளியே

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீ அங்கே சுகமாக இருப்பது ஒவ்வொரு ஞாயிறும் உன் குரலிலேயே தெரிந்துவிடுகிறது. இங்கே நாங்களும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. மூன்று மாதமாக அப்பாவுக்குத் தொண்டைக்கட்டு, பேசக் கூடாதென்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்று உன்னிடம் சொல்லிவந்தேனே, அது பொய். அவருக்குத் தொண்டையில் புற்றுநோய். உன் வேலை புதிது, லீவுக்காக யார் முன்னாலும் நிற்க வேண்டாம், அவளிடம் மூச்சு விடாதே என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். இன்றைக்கு அதை மீறுகிறேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் முப்பது நாள் கதிர் சிகிச்சை என்றார்கள். முதல் நாள் சீட்டைப் பார்த்துவிட்டு கோபால்ட் அறைக்குப் போகச் சொன்னார்கள், நான் யாரோ டாக்டராக்கும் என்று நினைத்து வாசலில் நின்ற நர்ஸிடம் "கோபால் சார் வந்துட்டாரா" என்று கேட்டேன். "அது ஆள் இல்லம்மா, மெஷின்" என்று அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அப்பா மட்டும் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். பீங்கான் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் சாயம் கலந்தவர் அல்லவா, கோபால்ட் பொடி அவர் கைபடாத நாளில்லை. கலக்கும்போது கரி மாதிரி இருக்கும், சூளைக்குள் போய் வந்தால் கோப்பை விளிம்பில் நீலமாகப் பளிச்சிடும். அந்தப் பொடியே இந்த வினையைக் கொடுத்திருக்குமோ என்று டாக்டரிடம் கேட்டுப் பார்த்தேன், அப்படிச் சொல்ல முடியாது, சிகரெட்டும் குடித்திருக்கிறாரே என்றார். மெஷினில் இருப்பது கதிர் வீசும் கோபால்ட்டாம், அது வேறு வகையாம்.

மெஷினை ஓட்டும் பெண் அப்பாவோடு சிநேகமாகிவிட்டாள். குரல் அடியோடு போய்விட்டதால் அவர் நோட்டில்தான் எழுதிக் காட்டுவார். ஒரு நாள் அவளிடம் கோபால்ட் என்ற பெயருக்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். அந்தக் காலத்தில் ஏதோ ஒரு நாட்டில் சுரங்கக்காரர்கள் வெள்ளி என்று நம்பித் தோண்டி உலையில் போட்டார்களாம், வெள்ளியும் வரவில்லை ஒன்றும் வரவில்லை, விஷப்புகைதான் வந்ததாம். இது குட்டிச்சாத்தான் வேலை என்று அவர்கள் மொழியில் அதன் பெயரையே வைத்துவிட்டார்களாம். அப்பா சத்தமில்லாமல் தோள் குலுங்கச் சிரித்து, "எங்க வீட்லயும் ஒண்ணு இருந்துச்சு, இப்ப தூர தேசத்துல வேலை பாக்குது" என்று எழுதினார். உன்னை அப்படித்தானே கூப்பிடுவார். போன் பேட்டரியில்கூட கோபால்ட் உண்டு என்று அவள் சொன்னதும், "அப்ப எம் பொண்ணு குரலும் அது புண்ணியத்துலதான் வருதா" என்று எழுதினார்.

இருபத்திரண்டாம் நாள் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கட்டி கரையவில்லை, நுரையீரலுக்கும் இறங்கிவிட்டது, இனி அவரைச் சிரமப்படுத்த வேண்டாம் என்றார். முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்து, ரெண்டு வாரம் ஓய்வாம் என்றேன். அவர் என்னையே பார்த்தார், பிறகு நோட்டில் "குட்டிச்சாத்தான் ஏமாத்திடுச்சா" என்று எழுதிக் காட்டினார். நான் குடையைத் தேடுவது போலப் பையைக் கிளறிக்கொண்டே இருந்தேன். அவர் பையை மெல்ல என் கையிலிருந்து வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தார்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா தூங்குகிறார் என்பேனே, ஒரு நாளும் அவர் தூங்கவில்லை. ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார், நீ சிரித்தால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார். போன வாரம் "எழுப்பும்மா, ஒரு வார்த்தை பேசிக்கிறேன்" என்று நீ கெஞ்சினாய். நீ போனை வைத்த பிறகு அவர் வாயைத் திறந்து உன்னைக் கூப்பிட்டுப் பார்த்தார். வெறும் காற்றுத்தான் வந்தது.

டாக்டர் நாள் குறித்துச் சொல்லவில்லை, ஆனால் மாதங்கள் இருக்கின்றன என்றும் சொல்லவில்லை. லீவு கிடைத்தால் வா. அதுவரை ஞாயிறன்று என்னோடு பேசாதே, அவரோடு பேசு. என்ன சமைத்தாய், யாரோடு சண்டை போட்டாய், எல்லாம் சொல்லு. பதில் வராது, அதற்காக நிறுத்திவிடாதே. அழுகை வந்தால் அழு, தப்பில்லை. வேளைக்குச் சாப்பிடு. எங்கள் ஆயுசும் சேர்த்து நீ நன்றாக இருக்க வேண்டும்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அப்பா பின்னால் வந்து நின்றுவிட்டார். கிழித்துப் போடுவார் என்று பயந்தேன். முதலிலிருந்து முழுவதும் படித்தார். பேனாவை வாங்கி ஒரே ஒரு இடத்தில் அடித்தார். 'லீவு கிடைத்தால்' என்பதை மட்டும். 'வா' என்பதை விட்டுவைத்திருக்கிறார்.

வழி பார்த்திருக்கும்,
உன் அம்மா