கரா-சாயில் வேலி

அன்பு மகள் நுர்ஜாத்துக்கு அம்மா எழுதுவது. அல்லாஹ்வின் அருளால் எனக்கும் உங்கப்பாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, நீயும் மாப்பிள்ளையும் ஜெர்மனிக் குளிரில் சுகம்தானா என்று எழுது. மனசைப் பற்றி மட்டும் கேட்காதே. உங்கப்பா பத்து நாளாக யாரோடும் பேசுவதில்லை, தேநீர்க் கிண்ணத்தை வைத்தால் ஆறிப்போகும்வரை பார்த்துக்கொண்டிருக்கிறார். எல்லாம் கரா-சாய்ப் பள்ளத்தாக்கால் வந்தது. கெட்ட குளிர்காலத்துக்கு என்று நாம் விட்டுவைத்த புல், கோடையில் ஓர் ஆட்டைக்கூட அங்கே விடமாட்டோம், உனக்குத் தெரியாததா. போன வருஷம் நீ வேலை பார்க்கும் ஜெர்மன் ஆபீஸ் ஆட்கள் நிலத்தைக் கணக்கெடுக்க வந்தார்களே, நல்ல பிள்ளைகள்தான், பேப்பரை வைத்துக்கொண்டு "இங்க யாருங்க மேய்க்கிறது" என்று கேட்டார்கள். உங்கப்பா நெஞ்சை நிமிர்த்தி, "யாரும் மேய்க்கிறதில்ல, ஆறு வருஷமா ஒரு குளம்பு பட்டதில்ல" என்றார். நம் ஆட்கள் யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள், அதில்தானே நமக்குப் பெருமை. அவர்கள் உங்கப்பா பேரைப் போட்டு, அதைப் பயன்படாத நிலம் என்று எழுதிக்கொண்டு போய், இந்த வசந்தத்தில் மரக்கன்று நட்டு ஆள் உயரத்துக்குக் கம்பிவேலி போட்டுவிட்டார்கள். நிலத்தைக் காப்பாற்றுகிறார்களாம். பக்கத்து வீட்டுத் தோக்தோபெக் சும்மா இருப்பானா, "அண்ணே, ஒரே வார்த்தையில பள்ளத்தாக்கையே முழுங்கிட்டீங்களே" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டான். அவனை நன்றாகத் திட்டிவிட்டு வந்தேன், ஆனால் அன்றைக்கு மூடிய வாயை உங்கப்பா இன்னும் திறக்கவில்லை.

முந்தாநாள் பனி மேல் மழை பெய்து, விடிவதற்குள் கல்லாக இறுகிவிட்டது. புல்லைப் பனிக்கட்டியால் மூடி மந்தையைக் கொல்லும் ஜூத் வந்துவிட்டது மகளே. ஆடுகள் புல்லுக்காகக் கொத்திக் கொத்திக் குளம்பெல்லாம் ரத்தம், நேற்று மட்டும் பதினொன்று விழுந்தன, வைக்கோல் மூன்று வாரத்துக்குக் காணாது. கரா-சாய் காற்றடிக்கும் சரிவு, அங்கே பனி தங்காது, முழங்கால் உயரப் புல் கம்பிக்கு அந்தப் பக்கம் ஆடிக்கொண்டிருக்கிறது. மந்தை வேலியோரம் போய் நிற்கிறது, விரட்டினாலும் நகரவில்லை, கத்தவும் இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. இங்கே உள்ள ஆபீசில் கேட்டால் "ஜெர்மனியில கேட்டுத்தான் சொல்லணும்" என்கிறார்கள். உனக்குப் போன் செய்தால் பொறு அம்மா என்பாய், அதனால்தான் கடிதம். இது உன் கைக்கு வரும்போது வேலி அறுந்திருக்கும். நாளைக்கு விடிந்ததும் குறடோடு நானே போகிறேன்.

அல்லாஹ் உங்கள் இருவரையும் நோய்நொடி அண்டாமல் வைக்கட்டும், உன் மடி சீக்கிரம் நிறையட்டும். வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகாதே. ஒன்றை மறக்காதே, யார் வெட்டியது என்று உன் மேலதிகாரி கேட்டால் தயங்காமல் என் பேரைச் சொல். உங்கப்பா பேர் இனி எந்தப் பேப்பரிலும் வரக்கூடாது.

இப்படிக்கு,
உன் அம்மா சல்தானத்