மாமா ஊற்றிய பசை

மார்ச் 3, திங்கள்

மாமா இன்றும் அறையிலேயே சாப்பிட்டார். சாப்பாட்டு மேசை நாற்காலி அவரோடு சரிந்து விழுந்ததிலிருந்து இப்படித்தான். அடி ஒன்றும் இல்லை. குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்கிற ரகம். "நீங்கல்லாம் ஆட்டி ஆட்டி உக்காந்தா அது எப்படி நிக்கும்?" என்கிறார். அது ஆடும்போதெல்லாம் பசை ஊற்றி ஒட்டியது அவர்தான். அதை அவரிடம் யார் சொல்வது?

அத்தை தவறிப்போன பிறகுகூட மனுஷர் மேசையை விட்டதில்லை. இப்போது சுவரைப் பார்த்துச் சாப்பிடுகிறார். இப்படியே அந்த அறையோடு முடங்கிவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது.

மார்ச் 4, செவ்வாய்

"புதுசா ஒண்ணு வாங்கிடலாமே" என்றார் என் கணவர். வாங்கலாம். பழையதைக் குப்பையில் போடுவதை அவருடைய அப்பா அறை ஜன்னல் வழியாகப் பார்ப்பாரே! வேண்டாம். நானே பிரித்தேன். இழுத்ததும் எல்லா மூட்டுகளும் கையோடு வந்துவிட்டன.

மார்ச் 6, வியாழன்

பசைமேல் பசை, அதன்மேல் பசை. மரம் எங்கே? புதுப் பசை மரத்தைத் தொட்டதே இல்லை. பழைய பசையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறது, பாவம்.

வினிகரைச் சூடாக்கித் துணியில் நனைத்து, காய்ச்சல்காரருக்கு நெற்றியில் போடுவதுபோல ஒவ்வொரு முனையிலும் சுற்றி வைத்தேன். மத்தியானம். வீடெல்லாம் புளித்த வாசனை. காத்திருந்ததில் கண் சொக்கியது. கனவில் நாற்காலிக் கால்களும் சட்டங்களும் தனித்தனியாக வெயிலில் மிதக்கின்றன, நடுவில் நான் ஒன்றுமில்லாததன்மேல் உட்கார்ந்திருக்கிறேன் — விழவில்லை. எவ்வளவு சுகமாக இருந்தது! விழித்துப் பார்த்தால் பசை வெளுத்து, பாலாடையாகத் திரண்டிருந்தது.

மார்ச் 7, வெள்ளி

துளைக்குள் பழைய டூத்பிரஷ், முனைக்குக் கத்தி. ஒரு முனையில் அவசரப்பட்டு மரத்தையும் சேர்த்துச் சீவித் தொலைத்தேன். மாட்டிப் பார்த்தால் லொடலொட. அடிப்பாவி, பசையை எடுக்கச் சொன்னால் மரத்தையா எடுப்பாய்?

மார்ச் 8, சனி

தண்ணீர் குடிக்க வந்த மாமா நின்றுவிட்டார். செய்தித்தாளில் கிடந்த பசைச் சுருளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"இவ்வளவா ஊத்தியிருக்கேன்?"

என் லட்சணத்தையே எடுத்துக் காட்டினேன். "இங்க பாருங்க மாமா, நான் மரத்தையே சீவிட்டேன்."

"நீ எனக்கு மேல இருக்கியே!" என்று சிரித்தார். அவர் சிரித்து எத்தனை நாளாயிற்று. ஆனால் தட்டு அறைக்குத்தான் போனது.

மார்ச் 9, ஞாயிறு

இளைத்த முனையில் மெல்லிய மரச்சீவலை ஒட்டித் தடிப்பாக்கினேன். பசை தடவி மாட்டி, கயிறு கட்டி முறுக்கியாயிற்று. ஆட்டிப் பார்க்கக் கை பரபரக்கிறது. காயும்வரை கூடாது.

மார்ச் 11, செவ்வாய்

சாப்பிடும் நேரத்துக்கு மாமா தானாக வந்தார். ஒட்டிய நாற்காலியை இழுத்து, "நீ உக்காரும்மா" என்றார். உட்கார்ந்தேன். அசையவில்லை. அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். அது ஆடியது. எழுந்துவிடுவார் என்று நினைத்தேன்.

எழவில்லை. கால் இரண்டையும் தரையில் ஊன்றிக்கொண்டார்.

"இதுலயும் என் பசைதான்" என்றார். "நாளைக்கு இதையும் கழட்டிடலாம். இப்ப இன்னும் கொஞ்சம் சோறு போடு."

போட்டேன். கண்ணில் தண்ணீர் முட்டியதால் கொஞ்சம் அதிகமாகவே விழுந்துவிட்டது. மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.