பலகையில் இருக்கும் தாமஸ் கோர்னல்

1999 செப்டம்பர் 7, செவ்வாய்

காலையில் ஃபாதர் கீகன் வந்தார். கோவில் வாசலை ஒட்டிய சுவரில் முதல் உலகப் போரில் இறந்த பங்குப் பிள்ளைகளின் பெயர்ப் பலகை இருக்கிறதே, அதைத் துடைத்து எழுத்துகளுக்கு மறுபடி கறுப்பு ஏற்றப் போகிறார்களாம். அதோடு ஒரு சிறு புத்தகமும் வருகிறது. பலகையில் உள்ள நாற்பத்தொரு பேருக்கும் ஆளுக்கு ஒரு பத்தி. நவம்பரில் நினைவு ஞாயிறுக்கு முன் அச்சாகிவிட வேண்டும்.

"நீங்க எழுதினா தப்பு இருக்காதுன்னு எல்லாரும் சொல்றாங்க, மிஸஸ் எக்கிள்ஸ்டன்," என்றார்.

சொல்வது சரிதான். பிஸ்கட் தட்டை அவர் பக்கம் தள்ளினேன்.

பலகையின் நடுவில் டி. கோர்னல். தாமஸ். என் அப்பாவின் அண்ணன். 1916இல் பிரான்சில் விழுந்தவர். சிறு பெண்ணாக இருந்த நாளிலிருந்து அந்தப் பெயருக்குக் கீழே நான்தான் சிவப்பு மலர்வளையம் வைக்கிறேன். நினைவு ஞாயிறன்று, போரில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கென்று முதல் வரிசை ஒதுக்குவார்கள். அதில் என் இடம் எனக்கு உண்டு. பெரியப்பாவிலிருந்தே தொடங்கலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. கூடாது. பலகையில் உள்ள வரிசைப்படிதான்.

செப்டம்பர் 16

ஆவணக் காப்பகம். பேனா கூடாது, பென்சில்தான் என்று அங்கிருந்த பெண் எனக்குச் சொல்லித் தந்தாள். அவள் மேசையில் பேனா இருந்தது. அதை நான் அவளுக்குச் சொல்லித் தந்தேன்.

ஆறு பேருக்கு விவரம் எடுத்து முடித்தேன். நெசவாலைப் பையன்கள் நான்கு பேர், ஒரு ரயில்வே போர்ட்டர், ஒரு ரொட்டிக்கடைக்காரர் மகன். ரொட்டிக்கடைப் பையன் வயதைக் கூட்டிச் சொல்லிச் சேர்ந்திருக்கிறான்.

செப்டம்பர் 24

மிஸஸ் நாப்லெட்டின் வீட்டுக்குப் போனேன். அவள் தாத்தா போர்முனையில் குண்டு பட்டுச் சாகவில்லை. கப்பலேறும் முன்பே இங்கிலாந்திலேயே ஒரு முகாமில் இன்ஃப்ளூயன்ஸாவில் போயிருக்கிறார். இறப்புச் சான்றிதழைக் காட்டினேன்.

படித்துவிட்டு என் பக்கமே திருப்பி வைத்தாள்.

"காய்ச்சல்னு போடணுமா? எங்க அம்மா சாகற வரைக்கும் குண்டுன்னுதான் நினைச்சிட்டிருந்தா."

"உண்மை எதுவோ அதைத்தான் போட முடியும்," என்றேன்.

"சரி, போடுங்க. உங்களுக்கென்ன. உங்க பெரியப்பா ஒழுங்கா பிரான்ஸ்ல செத்தார்."

வாசல் வரை வந்து வழியனுப்பவில்லை. வருத்தத்தில் மரியாதை மறந்துவிடுகிறது சிலருக்கு.

அக்டோபர் 1

பெரியப்பாவின் முறை வந்தது. நூலகத்துப் பையன் கணினியில் போர்க் கல்லறைப் பதிவை எடுத்துத் தந்தான். தாமஸ் கோர்னல், வயது பத்தொன்பது, எங்கள் ஊர், எங்கள் படைப்பிரிவு, செப்டம்பர் 1916. எல்லாம் சரி. ஆனால் பெற்றோர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், "பங்கின் அநாதைச் சிறுவர் இல்லத்தில் வளர்ந்தவர்."

அபத்தம். எங்கள் வீடு கால்வாய்த் தெருவில் இருந்தது. பெரியப்பாவின் பெற்றோர் ஜான், எலன். அவருக்கு அப்போது இருபது. தவறைத் திருத்தச் சொல்லி எழுதிப் போட்டிருக்கிறேன். இத்தனை ஆண்டுகளாக ஒருவர் கண்ணிலும் படவில்லையா?

அக்டோபர் 5

கல்லறைப் பதிவுக்காரர்களுக்கு அத்தாட்சி அனுப்பலாம் என்று பெரியப்பாவின் பதக்கத்தை எடுத்தேன். விளிம்பில் படைவீரர் எண்ணைப் பொறித்திருப்பார்கள். பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். டி. கோர்னல் என்று இருக்கிறது. பதிவில் இருந்த எண் வேறு.

அக்டோபர் 6

வேறு எண்தான். பகல் வெளிச்சத்திலும் பார்த்தேன்.

அக்டோபர் 8

மனது ஓரிடத்தில் நிற்கவில்லை. போரில் பிள்ளையை இழந்த ஒவ்வொரு வீட்டுக்கும் அரசாங்கம் பெயர் வார்த்த வெண்கல வட்டு ஒன்று அனுப்பியது. எங்கள் தெருவில் பல வீடுகளில் கணப்பின் மேல் மாடத்தில் அதுதான் இருக்கும், வெள்ளிக்கிழமைதோறும் துலக்குவார்கள். எங்கள் வீட்டில் இல்லை. அப்பாவின் அம்மா ராஜா மேல் வந்த கோபத்தில் அதைக் கால்வாயில் எறிந்துவிட்டாள் என்று எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். நான் பெருமையாக எத்தனை பேரிடம் அதைச் சொல்லியிருக்கிறேன்.

கிழிந்த சட்டையின் பொத்தான்களைக்கூட வெட்டி எடுத்து வைத்தவள் அவள். வெண்கலத்தை எறிவாளா?

இதைக் கேட்க இன்று உயிரோடு இருப்பது ஹில்டா ஒருத்திதான்.

அக்டோபர் 12

ஹில்டா, என் அத்தை மகள். எண்பத்தெட்டு வயது. முதியோர் இல்லத்தில் ஜன்னல் ஓரம் அவளுக்கென்று ஒரு நாற்காலி, வேறு யாரும் அதில் உட்கார முடியாது. காது மந்தம். நாக்கு மந்தமில்லை.

பதக்கத்தை அவள் மடியில் வைத்தேன். குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"கண்டுபிடிச்சிட்டியா," என்றாள். "நான் போனப்பறம்தான் கண்டுபிடிப்பேன்னு நினைச்சேன்."

"எதை?"

"டாம் மாமா சாகலைடி. அதாவது, அப்போ சாகலை."

அவள் சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறேன். அந்த 1916 கோடையில் பெரியப்பாவைப் பிரான்சிலிருந்து திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். கைகால் எல்லாம் நன்றாக இருந்தது. பேச்சு இல்லை. எங்காவது கதவு சாத்தினால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவாராம். மாவட்டப் பைத்தியக்கார விடுதிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். வீட்டார் வெளியே மூச்சுவிடவில்லை. செப்டம்பரில் செய்தித்தாளில் இறந்தவர் வரிசையில் டி. கோர்னல்.

"நாங்க பேப்பரைப் பாக்கறதுக்கு முந்தி தெரு பாத்துடுச்சு," என்றாள் ஹில்டா. "காலையில கதவைத் திறந்தா, எதிர்சாரி முழுக்க சாவு வீட்டுக்குத் துக்கம்னு ஜன்னல் திரையை இறக்கி வச்சிருக்கு. யார் வீட்டுக்கு? நம்ம வீட்டுக்கு. பக்கத்து வீட்டுக்காரி பன்றித்தொடையை வேகவச்சுத் தட்டோட வந்து நிக்கறா, மூக்கைச் சிந்திக்கிட்டு. எனக்கு அஞ்சு வயசு. பாட்டியோட ஏப்ரனைப் பிடிச்சிட்டு நின்னேன். 'என் பிள்ளை சாகலை, விடுதியில இருக்கான்'னு ஒரு வார்த்தை சொல்லணும். சொன்னா அத்தனை திரையும் மேல ஏறிடும். அதுக்கப்பறம் அந்தத் தெருவுல எப்படி நடக்கறது? பாட்டி தட்டைக் கையில வாங்கிட்டா."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, சாப்பிட்டோம். நல்லாத்தான் இருந்துது."

போர் முடிந்து பலகைக்குப் பெயர் சேகரிக்க வீடுவீடாக வந்தவர்கள், பாட்டியைக் கேட்கக்கூட இல்லையாம். ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்களாம்.

அப்பாவுக்கு எல்லாம் தெரியும். மாதத்தின் முதல் ஞாயிறு புறாப் பந்தயம் என்று போவாரே, அது புறாப் பந்தயம் இல்லை.

"எனக்கு ஏன் யாரும் சொல்லலை?"

"உனக்கா? கன்னியர் மடத்துப் பள்ளியில இடம் கிடைச்சதுலேருந்து சாப்பாட்டு மேசையில உங்கப்பன் ஜிம்மி பேச்சையே திருத்திட்டிருந்தவ நீ. உன்கிட்ட சொன்னா அடுத்த நாளே பங்குச்சாமிகிட்ட போய்த் திருத்திட்டுத்தான் வந்திருப்ப."

அவள் மடியிலிருந்து பதக்கத்தை எடுத்துப் பைக்குள் வைத்தேன்.

"டாம் மாமாகிட்ட உன் போட்டோ இருந்துது," என்றாள். "பள்ளிக்கூடத் தொப்பி, வெள்ளைக் காலர். தோட்ட வேலை செய்யறப்பகூட கோட்டுப் பையில வச்சிருப்பார். பேச்சு திரும்பினப்பறம் அவர் கேக்கறது ஒரே கேள்வி. ஜிம்மியோட பொண்ணு இன்னும் படிக்கிறாளா?"

1951இல் இறந்தாராம். எனக்கு இருபத்தாறு வயது. பேருந்தில் போய் வரக்கூடிய தூரம்.

அக்டோபர் 13

உயிரோடு இருந்தவருக்கு — வளையம் வளையமா வச்சிட்டிருந்தேனே.

அக்டோபர் 19

அப்படியானால் பலகையில் இருப்பது யார்? அநாதை இல்லத்துப் பதிவில் அந்தப் பையனைப் பார்த்தேன். மூன்று வயதில் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். பிறந்த ஊர் தெரியாது. பதினான்கில் ஆலைக்கு வேலைக்குப் போயிருக்கிறான். அவ்வளவுதான் அவன். அவனுக்காகத் திரை இறக்க ஒரு வீடு இல்லை. இருந்த ஒரே துக்கத்தையும் நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

ஃபாதர் கீகனிடம் சொன்னேன். வேறு யாரிடம் சொல்வது?

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "எண்பது வருஷமா யாரும் கேக்கலை. இனியும் கேக்கப் போறதில்லை. 'டி. கோர்னல், பிரான்ஸ், 1916.' அதுல பொய் எதுவும் இல்லையே. அதோட விட்டுடலாம்."

"மிஸஸ் நாப்லெட்டின் தாத்தாவையும் அப்படி விட்டிருக்கலாம்."

"நான் அப்பவே சொன்னேன்," என்றார் மெதுவாக.

சொன்னாரா? சொன்னார். நான்தான் சான்றிதழை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

அக்டோபர் 22

விடுதி இருந்த இடத்தில் பாதி இடித்துவிட்டார்கள், மீதியில் புது வீடுகள். நாயோடு போன ஒருவரைக் கல்லறை எங்கே என்று கேட்டேன். வேலிக்கு அப்பால் புல்வெளியைக் காட்டினார். கல் ஒன்றுகூட இல்லை. எந்தப் பக்கம் பார்த்து ஜெபிப்பது? முழங்கால் மடங்கவில்லை, நின்றபடியே ஜெபமாலையில் ஒரு பத்து மணி சொன்னேன். நடுவில் எண்ணிக்கை தவறிவிட்டது.

அக்டோபர் 25

அந்தப் பத்தியை மூன்று விதமாக எழுதினேன். மூன்றாவது நன்றாக வந்திருந்தது. அதில் பொய் இல்லை, உண்மையும் இல்லை. மடத்தில் கற்றுக்கொண்ட நல்ல நடை. கிழித்துப் போட்டேன்.

என் அப்பாவின் அம்மாவை ஊர் முன்னால் நிறுத்த நான் யார்? அப்பா சாகும்வரை காத்த வாயை நான் ஏன் திறக்கணும்? ஹில்டாவுக்குத் தொலைபேசினேன்.

"போட்டா போடு, விட்டா விடு," என்றாள். "ஆனா பைத்தியம்னு எழுதாத. அவருக்குப் பைத்தியம் இல்லை. பயம்."

அக்டோபர் 27

அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன். டி. கோர்னல் என்ற பெயருக்குக் கீழே அநாதை இல்லத்துப் பையன், அவனைப் பற்றித் தெரிந்த நான்கு வரி. கடைசிப் பக்கத்தில், பலகையில் இல்லாத ஒருவர் என்று என் பெரியப்பா. திரைகளைப் பற்றியும் எழுதினேன். பாட்டி தட்டை வாங்கியதைப் பற்றியும். ஹில்டா சொன்ன சொல்லையே போட்டேன்: பயம்.

நாப்லெட் தாத்தாவின் பத்தியில் காய்ச்சல் அப்படியே இருக்கிறது. ஆனால் முகாமில் முதலில் படுத்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தவர் அவர் என்று படைப்பிரிவின் குறிப்பில் இருந்தது. செப்டம்பரிலேயே படித்தது. தேவையில்லை என்று விட்டிருந்தேன். சேர்த்தேன்.

நவம்பர் 14, நினைவு ஞாயிறு

புத்தகத்தை எல்லோரும் படித்திருக்கிறார்கள். வாசலில் பேச்சு நின்று நின்று தொடங்கியது. முதல் வரிசையில் என் இடம் காலியாக இருந்தது. நான் கடைசி வரிசையில், தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அங்கிருந்து பீடம் தெரியாது.

பூசை தொடங்கும் முன் மிஸஸ் நாப்லெட் எழுந்து வந்தாள். என் அருகில் நின்றாள்.

"இங்க கதவு வழியா காத்து வரும்."

"தெரியும்."

"தண்ணி கொடுத்தார்னு எங்களுக்கு யாரும் சொன்னதில்லை," என்றாள். பிறகு, "வளையத்தை இன்னிக்கு யார் வைக்கப் போறா? அந்தப் பையனுக்கு யாருமே இல்லைன்னு நீங்கதான் எழுதியிருக்கீங்க."

வைத்தேன். அவனுக்கென்று வைப்பது இது முதல் தடவை.

நவம்பர் 23

ஃபாதர் கீகனுக்கு நெஞ்சுச் சளி. அவருக்குப் பதிலாக வந்திருக்கும் இளம் பாதிரியார் தொலைபேசினார். நவம்பர் மாதம் முழுக்க உத்தரிக்கிற ஆத்துமாக்களுக்காக, இறந்த உறவினர் பெயர்களை எழுதிப் பீடத்தில் வைக்கும் உறைகளைப் பிரித்து, நாளைக்கு என் குடும்பத்தார் பெயரை வாசிக்கப் போகிறாராம்.

"ஒரே பெயரை ரெண்டு தடவை எழுதிட்டீங்கம்மா. தாமஸ் கோர்னல், மறுபடியும் தாமஸ் கோர்னல். தெரியாம வந்ததுதானே? ஒண்ணை அடிச்சிடட்டுமா?"

"வேண்டாம் ஃபாதர். ரெண்டு பேர்."

"ஓ. அப்படியே வாசிக்கிறேன்."

"நடுவுல ஒரு மூச்சு விட்டு வாசிங்க," என்றேன்.