இரண்டு செவ்வாயாக ரேடியோவில் உன் குரல் இல்லை

உத்தனப்பள்ளி தபால்,
கார்த்திகை, 1956

அன்பு மகள் காவேரிக்கு அப்பா கோவிந்தப்பன் எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் மாடு கன்றுகளும் சுகமாக இருக்கிறோம். பட்டணத்தில் நீ சுகமா என்று தெரிந்துகொள்ளத்தான் இதை எழுதுகிறேன், ஏனென்றால் போன செவ்வாயும் அதற்கு முந்தின செவ்வாயும் பஞ்சாயத்து ரேடியோவில் பாடம் சொன்னது நீ இல்லை, வேறு யாரோ ஒரு அம்மாள். நன்றாகத்தான் சொன்னார். ஆனால் உன் அம்மா வீட்டுக்கு வந்து எனக்குக் களி போட்டுவிட்டு, தான் சாப்பிடாமலே படுத்துவிட்டாள். கடைசியாக நீ பேசினபோது தொண்டை கட்டியிருந்தது என்கிறாள், எனக்கு அப்படித் தெரியவில்லை.

இங்கே நடந்ததெல்லாம் உனக்குத் தெரியாது. ஆடியில் வாத்தியார் மாற்றலாகிப் போனபின் வேறு யாரும் வரவில்லை, பஸ்ஸை விட்டிறங்கி இவ்வளவு தூரம் காட்டுவழியில் நடக்க யார் சம்மதிப்பார்கள், பிள்ளைகள் ஆடு மேய்க்கப் போய்விட்டார்கள். கிராமத்துப் பிள்ளைகளுக்கு ரேடியோவில் பாடம் சொல்லப்போகிறேன் என்று நீ எழுதினதும் அம்மா நேரே பஞ்சாயத்துத் தலைவர் மாதப்பனிடம் போனாள், அதுவரை சாயங்காலப் பாட்டுக்கு மட்டும் திறந்த ரேடியோவை மத்தியானமும் திறக்கவைத்தாள். முதல் நாள் உன் குரல் வந்ததும் அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் மாட்டைத் தண்ணீருக்கு ஓட்டிவந்த சாக்கில் ரேடியோ இருக்கும் அறையின் ஜன்னலுக்கு வெளியே நின்றிருந்தேன். இங்கே பாதிப் பிள்ளைகள் வீட்டில் பேசுவது தெலுங்கும் கன்னடமும், நீ குருவி என்றால் விழிக்கிறார்கள், அம்மாதான் பிட்ட என்றும் ஹக்கி என்றும் சொல்லிக் கொடுப்பாள். ஒன்று கேள், கேள்வி கேட்டதும் கொஞ்சம் பொறுத்துப் பேசு. கடைக்கார லால் பாஷாவின் மகள் அஸ்மத் எழுந்து நின்று பதில் சொல்லி முடிப்பதற்குள் நீ அடுத்ததற்குப் போய்விடுகிறாய், அந்தப் பெண் அழுதுவிட்டது.

ஐப்பசியில் பாட்டரி இறங்கிவிட்டது. மிச்சம் இருப்பது சாயங்காலப் பாட்டுக்கு வேண்டும், பாடத்தை நிறுத்துவோம் என்று மாதப்பன் சொன்னார். கூட்டத்தில் பெண்பிள்ளை பேசி நான் பார்த்ததில்லை, உன் அம்மா எழுந்துவிட்டாள். "எம் மக பேசறதக் கேக்கத்தான் இவ சண்டைக்கு வர்றான்னு நெனச்சா நெனச்சுக்கோங்க. நெசந்தான். ஆனா இந்தப் பசங்களுக்கு வேற யாரு இருக்கா, சொல்லுங்க" என்றாள். பிறகு லால் பாஷா, ஓசூர் சந்தைக்குப் போகும் தன் வண்டியில் பாட்டரியை ஏற்றிப்போய் சார்ஜ் செய்து வருவதாக ஒப்புக்கொண்டார். பாடம் நிற்கவில்லை, நீ வராத அந்த இரண்டு செவ்வாயும் அம்மா பிள்ளைகளைக் கூட்டி உட்காரவைத்துச் சொல்லித்தான் கொடுத்தாள்.

இந்தப் பள்ளிக்கூடத்து வேலையே காலியாகக் கிடக்கிறது, அவளை இங்கேயே வந்துவிடச் சொல்லி எழுதுங்கள் என்று நேற்று அம்மா என்னிடம் சொன்னாள். எத்தனையோ ஊர்ப் பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருக்கும்போது ஒரு ஊருக்காக வா என்று எப்படி எழுதுவது என்று அதட்டிவிட்டேன். அதட்டினபின் எனக்கும் வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை, கொட்டகையில் போய் மாட்டைத் தடவிக்கொண்டு நின்றேன்.

வெந்நீர் குடி, பனியில் தலையை மூடிக்கொண்டு போ. உடம்புக்கு என்ன என்று உடனே ஒரு கார்டு போடு, வேறு வேலைக்கு மாற்றியிருந்தால் அதையும் எழுது. நீ எல்லா நலத்தோடும் நீடூழி வாழ வேண்டும் என்று நாங்கள் கும்பிடாத நாள் இல்லை. பொங்கலுக்கு லீவு கேட்டுப் பார் அம்மா. உன் அம்மா எழுதச் சொன்னாள் என்று எழுத இருந்தேன், அவள் இதை எழுதச் சொல்லவில்லை, நான்தான் கேட்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
கோவிந்தப்பன்