பனிக்குள் நான்கு கழுதைகள்

பிப்ரவரி 11, புதன்

காமாக்ஷி ஒருவழியாகச் சரி என்றுவிட்டாள். இந்த லாங் வீக்கெண்ட் முழுக்க வான்மதி என்னோடு. விவாகரத்துக்குப் பிறகு இவ்வளவு நேரம் அவளை என்னிடம் விட்டதே இல்லை. டாஹோ ஏரிப் பக்கம் மலையில் ஒரு கேபின் எடுத்திருக்கிறேன். அப்பாவும் பெண்ணும் மட்டும். மனம் விட்டுப் பேச வேண்டும். ஒன்பது வயதுப் பெண்ணிடம் என்ன பேசுவது?

பிப்ரவரி 13, வெள்ளி

சன்னிவேலிலிருந்து மழை, மலை ஏற ஏறப் பனி. பின்சீட்டில் வான்மதி. பசிக்கிறதா என்றேன். "ஐ ஆம் ஓகே, தேங்க் யூ." குளிர்கிறதா? "ஐ ஆம் ஓகே, தேங்க் யூ." நான் என்ன ஊபர் டிரைவரா?

கேபின் கதவைத் திறந்தால் மீன் குழம்பு வாசனை!

உள்ளே லிவர்மோரிலிருந்து வந்த ஒரு தம்பதி. நெய்னா முகம்மது, மளிகைக் கடை வைத்திருக்கிறார். மனைவி ஹபீஸா, பல் டாக்டர். நோன்பு தொடங்குவதற்குள் பனியைப் பார்த்துவிடலாம் என்று வந்தார்களாம். அவர்களிடமும் இதே கேபினுக்கு, இதே தேதிக்கு புக்கிங். ஓனருக்கு போன் செய்து கத்தினேன். சாரி என்றான். அவ்வளவுதான். திரும்பிப் போகலாம் என்றால் ஃப்ரீவேயை மூடிவிட்டார்கள்.

"அப்புறம் சண்டை போட்டுக்கலாம் தம்பி. பிள்ளை நடுங்குது, முதல்ல உள்ள வாங்க," என்றார் ஹபீஸா.

நான் பணம் கட்டிய வீட்டுக்குள் எனக்கே வரவேற்பு!

பிப்ரவரி 14, சனி

பனி நின்றபாடில்லை. கார் நின்ற இடத்தில் ஒரு வெள்ளை மேடு. கரண்ட் போய்விட்டது. விறகு அடுப்பு ஒன்றுதான் துணை. நெய்னாவின் குறட்டையில் சுவரே அதிர்ந்தது. காலையில் கொட்டாவி விட்டேன், ஹபீஸா எட்டிப் பார்த்து, "கீழ ஒரு பல்லு சரியில்ல. ரூட் கெனால் வரும்," என்கிறார். யார் கேட்டது?

இதெல்லாம் போகட்டும். நெய்னா என் பெண்ணுக்குச் சீட்டாட்டம் சொல்லிக்கொடுத்துவிட்டார். கழுதை. கடைசியில் எவர் கையில் சீட்டு மிஞ்சுகிறதோ அவர்தான் கழுதை. கழுதை கத்திக்கொண்டே வராண்டாவுக்குப் போய் விறகு எடுத்து வர வேண்டும்.

மதியம் அறையில் படுத்திருந்தபோது ஹாலிலிருந்து ஒரு சிரிப்பு. விக்கல் வருகிற மாதிரியான சிரிப்பு. யார் என்று ஒரு நிமிடம் புரியவில்லை. வான்மதி.

என்னோடு பேசத்தானே இவ்வளவு தூரம் கூட்டி வந்தேன். எரிச்சல், எரிச்சல்.

பிப்ரவரி 15, ஞாயிறு

இன்னும் ரோடு திறக்கவில்லை. வேறு வழியில்லாமல் நானும் ஆட்டத்தில் உட்கார்ந்தேன். வான்மதிக்கு வெட்ட வேண்டிய இடத்திலெல்லாம் வெட்டாமல் விட்டேன். பிள்ளை ஜெயிக்கட்டுமே.

கண்டுபிடித்துவிட்டாள். "அப்பா, யூ ஆர் லெட்டிங் மி வின். தட்ஸ் சோ போரிங்!"

நெய்னா என்னடா என்றால் தொடைக்கு அடியில் சீட்டை ஒளிக்கிறார். அவள் அவர் கையில் பட்டென்று அடித்துப் பிடுங்குகிறாள். அந்த மோசடிக்காரரைப் பிடிக்கிறது, நான் போரிங். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. சரி, பார்க்கலாம் என்று நிஜமாகவே ஆடினேன். சரியான நேரத்தில் வெட்டினேன். மேஜையில் கிடந்த அத்தனை சீட்டும் அவள் கைக்குப் போனது. கடைசியில் அவள்தான் கழுதை.

முகம் சிவந்துவிட்டது. "இது சீட்டிங்! போ அப்பா!" சீட்டை வீசிவிட்டு வெளியே போனாள். ஐயோ, கெடுத்துவிட்டேனே. இனி அடுத்த தடவை வருவாளா? எழுந்து பின்னால் போகப் பார்த்தேன். நெய்னா என் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தார். "கழுதைக்கு வேலை இருக்கு, விடுங்க."

ஒரே ஒரு விறகுக் கட்டையோடு வந்தாள். என்னைப் பார்த்துக் கோபமாக ஒரு கத்து கத்தினாள். பிறகு, "ஒன் மோர் கேம்."

அடுத்த ஆட்டத்தில் என்னைப் பழிவாங்கினாள். நான் கத்திக்கொண்டே வராண்டாவுக்குப் போனேன். படி எது, பனி எது என்று தெரியாமல் கால் வைத்து இடுப்புவரை புதைந்தேன். ஹபீஸா உதவாமல் வீடியோ எடுத்தார். வான்மதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "டோண்ட் ஸ்டாப், அப்பா! கழுதை கத்தணும்!" கத்தினேன். தூரத்தில் எவனுடைய நாயோ பதில் சொன்னது. நானும் சிரித்தேன் — எத்தனை காலம் ஆயிற்று!

பிப்ரவரி 16, திங்கள்

ரோடு திறந்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டியவன், "இன்னும் கொஞ்சம் பனி குறையட்டுமே" என்றேன். என்ன ஆயிற்று எனக்கு?

வழியெல்லாம் என் டிரைவிங் மட்டம் என்று ஒருத்தி சொல்லிக்கொண்டே வந்தாள்.

பிப்ரவரி 28, சனி

வான்மதிக்கு ஜலதோஷம். இந்த வாரம் வேண்டாம் என்று காமாக்ஷி சொன்னாளாம். இவள் கேட்காமல் வந்துவிட்டாள். வந்ததிலிருந்து ரகளை. ரசம் கேவலமாம். மருந்து கசக்குதாம். குடித்தே ஆக வேண்டும் என்றேன். படாரென்று கதவைச் சாத்திக்கொண்டாள். இந்த வீட்டில் கதவு அப்படிச் சாத்தப்பட்டதே இல்லை. கையில் ஸ்பூனோடு நிற்கிறேன், காமாக்ஷி போன்.

"என்ன சத்தம் அங்க?"

"சண்டை போட்டுக்கிட்டிருக்கோம்."

"வந்து கூட்டிட்டுப் போகவா?"

கதவைத் தட்டிக் கேட்டேன்.

"நோ!" என்று உள்ளிருந்து குரல். "ஐ ஆம் ஸ்டில் மேட் அட் அப்பா!"